ஒரு கையால் திறக்கும் கதவு

உங்களை ஒன்று கேட்கட்டுமா, தம்பி? உங்கள் வீட்டு மனிதர்கள் வெளியிலிருந்து வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறார்களே, அந்தக் கணத்தில் அவர்களுடைய முகம் எப்படி இருக்கிறது என்று என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா?

பையைக் கீழே வையுங்கள். உட்காருங்கள். வந்ததும் வராததுமாக இந்த மனிதர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்று நினைக்க வேண்டாம். இதே கேள்வியைத் திருத்துறைப்பூண்டி மேடையில் கேட்டிருக்கிறேன், பட்டுக்கோட்டையில் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு ஒலிபெருக்கியிலிருந்து சற்றே விலகி நிற்பேன். அவை அப்படியே அடங்கிவிடும். வருவாய்த்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்; ஆனால் மன்னார்குடியில் சிவக்கொழுந்து என்றால் பட்டிமன்றப் பேச்சாளர் என்றுதான் வழிகாட்டுவார்கள். உங்களுக்கும் அப்படித்தான் வழி சொன்னார்களா? பார்த்தீர்களா?

நீங்கள் உள்ளே வந்தபோது தோளால் இடித்துத் திறந்தீர்கள். ‘ஏன் சார் இத்தனை மாசமா இப்படியே விட்டுவச்சிருக்கீங்க?’ என்றும் கேட்டீர்கள். தொழில் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. விடை சொல்லாமல் உங்களை உளி எடுக்கச் சொல்வது முறையாகாது. சொல்லிவிடுகிறேன். வேலை செய்கிறவருக்கு வேலையின் காரணம் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

இந்த வீட்டுக்கு நிலை வைத்தது ஒரு தை மாதத்தில். நல்ல நாள், நல்ல ஓரை, எல்லாம் பார்த்துத்தான் குறித்தோம். நிலைக்கு அடியில் நவதானியம் போட்டு, பால் ஊற்றி, மாவிலை கட்டி, ஊரில் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். அந்த நேரத்தில் கொத்தனார் பக்கிரி ஒரு பேச்சை எடுத்தார். “சார், உள்ள என்ன கல்லு போடப் போறீங்கன்னு இன்னும் முடிவாகலியே. தரை மட்டம் தெரியாம நிலைய நிறுத்துனா பின்னாடி கதவு இடிக்கும் சார். பூசையைப் பண்ணிக்குங்க, நான் சாயங்காலமா மட்டம் பிடிச்சு நிறுத்திடறேன்.”

எப்படி இருக்கிறது பேச்சு? நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இவர் சாயங்காலம் என்கிறார். நிலை என்றால் நிற்பது. ஒருமுறை நிறுத்திப் பூசை செய்துவிட்டால் அசைக்கக்கூடாது. நான் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்: “வாழ்க்கையில் நேரத்தைத் தவறவிட்டவன் மட்டப்பலகையை வைத்து என்ன அளப்பான்?” கைதட்டினார்கள். பக்கிரியும் சிரித்தார். தலையைச் சொறிந்துகொண்டு சிமெண்டைக் குழைத்தார்.

பிறகு கூடத்துக்குக் கருங்கல் பாவினோம். கல் சற்றுக் கனமாக அமைந்து, தரை உயர்ந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. கல்லின் கனத்துக்கு நான் பொறுப்பாக முடியுமா? கதவைத் தேக்கு என்று சொல்லி விற்றார்கள். முதல் மழையில்தான் அந்தத் தேக்கு எவ்வளவு இளையது என்று தெரிந்தது. ஐப்பசி பிறந்ததும் ஊறி, உப்பி, அடிப்பாகம் தரையைக் கவ்விக்கொண்டது. அதோ பாருங்கள், கல்லில் வெள்ளையாகக் கால்வட்டம் விழுந்திருக்கிறது. கதவு நடந்த தடம் அது.

இந்தக் கதவைச் செய்த சவரிராசு வந்து பார்த்தார். கீலுக்கு அடியில் இரும்பு வளையம் வைத்துத் தூக்கினார். தூக்கியதும் மேற்பக்கம் நிலையில் முட்டியது. வளையத்தைக் கழற்றிவிட்டார். “அடியில ரெண்டு நூல் இழைச்சாப் போதும் சார், ஒரு மணி நேர வேலை” என்றார்.

இரண்டு நூல். ஒரு சுண்டுவிரலின் அகலம்கூட இல்லை. ஆனால் தம்பி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தீபம் காட்டிய தலைவாசல் கதவு அது. அதன் அடியில் உளி படலாமா? படக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். என் மனைவி தையல்நாயகி அப்போதே கேட்டாள்: “எந்தப் பெரியவங்க? எங்க வீட்டுல யாரும் சொன்னதில்லையே. உங்க வீட்டுல யாரு சொன்னாங்க?”

நம்பிக்கையை இப்படித் துருவித் துருவிக் கேட்டால் எது மிஞ்சும்? சவரிராசுவை அனுப்பிவிட்டேன்.

அதோடு நான் கைகட்டி உட்கார்ந்துவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். நான்கு நாள் அந்தக் கதவோடு பழகி, அதற்கென்று ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். இடக்கையால் கைப்பிடியைப் பற்றி மேல்நோக்கித் தூக்க வேண்டும். வலத்தோளைக் கதவின் நடுவில் பொருத்த வேண்டும். சற்றே குனிந்து, ஒரே சீராகத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் திறக்காது. கோபப்பட்டால் சுத்தமாகத் திறக்காது. பாருங்கள், எத்தனை பெரிய பாடம் அது! வீட்டுக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் பணிந்து, நிதானித்து, ஒரு பாரத்தைத் தாங்கி நுழைய வேண்டியிருக்கிறது. ‘தாழ்ந்து தூக்கு, உயர்ந்து நுழை’ என்று நானே ஒரு வாசகம் அமைத்து, பலகையில் எழுதச் செய்து, வாசலில் மாட்டினேன். நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லையா? வெளிச்சுவரில், மின்மீட்டர் பெட்டிக்கு மேலே.

வருகிறவர்களுக்கு நான் உள்ளே நாற்காலியில் இருந்தபடியே சொல்லித்தருவேன். “இடக்கை! இடக்கை! தூக்குங்கள். இப்போது தோள்.” பால்காரர் முதலில் தடுமாறினார், அப்புறம் பாலை மதில்மேல் வைத்துவிட்டுப் போகக் கற்றுக்கொண்டார். என் மைத்துனர் முருகையன் நீடாமங்கலத்திலிருந்து வந்தால் வாசலிலேயே நின்று, “அத்தான், இன்னிக்கு வகுப்பு உண்டா, இல்ல லீவா?” என்று குரல் கொடுப்பார். வேடிக்கைக்காரர். பக்கத்து வீட்டு அம்மாள் வருவதை நிறுத்திவிட்டார். தையல்நாயகியோடு மதிலுக்கு இருபுறமும் நின்று பேசிக்கொள்வார்கள். காற்றோட்டமாகப் பேசட்டுமே.

தையல்நாயகிக்கு முந்தைய ஆண்டு வந்த காய்ச்சலில் மணிக்கட்டு வீங்கி, அந்த வலி போகவே இல்லை. சில நாள் கதவைத் தூக்கிவிட்டு உள்ளே வந்ததும் காய்கறிப் பையோடு அப்படியே சுவரில் சாய்ந்து நிற்பாள். முகம் ஒரு மாதிரியாக இருக்கும். “என்னங்க, அந்த ரெண்டு நூலைத்தான் எடுத்துத் தொலைங்களேன்” என்பாள்.

நான் அவளுக்கு ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், பயன்படும். ஓர் ஆற்றில் ஒரு படகோட்டி இருந்தான். அவன் படகில் சிறிய துளை ஒன்று. அவன் மனைவி படகின் நடுவில் அமர்ந்து, கொட்டாங்கச்சியால் நீரை முகந்து முகந்து வெளியே ஊற்றிக்கொண்டே இருப்பாள். மழையிலும் ஊற்றுவாள், வெயிலிலும் ஊற்றுவாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. படகில் வருகிறவர்கள் எல்லோரும் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்குவார்கள். கடைசிவரை அந்தப் படகு மூழ்கவே இல்லை. இந்தக் கதைக்கு அவையில் எப்போதும் பெருத்த வரவேற்பு உண்டு.

தையல்நாயகி முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, “அந்த ஓட்டைய அடைக்கணும்னு அந்தாளுக்குத் தோணவே இல்லையா?” என்றாள்.

“கதையில் அது பொருட்டன்று” என்றேன்.

“அவளுக்குப் பொருட்டா இருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். கதை கேட்கிற பொறுமையும் குறைந்துவிட்டது இந்தக் காலத்தில்.

அதே மாதம் ‘இல்லறத்தைக் காப்பது அன்பா, பொறுமையா’ என்று நம் ஊரிலேயே ஒரு பட்டிமன்றம். நான் பொறுமை அணி. இந்தக் கதவையே எடுத்துக்காட்டாக வைத்து அரைமணி நேரம் பேசினேன். “என் துணைவியார் நாள்தோறும் அந்தக் கதவைத் தாங்குகிறார்; அவர் தாங்குவதால் என் இல்லம் நிற்கிறது” என்றேன். மண்டபமே அதிர்ந்தது. நடுவர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். மூன்றாம் வரிசையில் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. கூச்ச சுபாவம்.

இனிச் சொல்ல வேண்டியது என் மகளைப் பற்றி. இளவெயினி. நான் வைத்த பெயர். ஓசூரில் கொடுத்திருக்கிறோம், மாப்பிள்ளை கோகுலன் அங்கே ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வந்தோம். வந்த அன்றே அவளுக்குக் கதவு முறையைச் சொல்லித்தந்தேன். “அப்பா, நான் வயித்தைத் தூக்குறதா, கதவைத் தூக்குறதா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அதன்பிறகு அவள் வெளியே போகவே இல்லை. கர்ப்பிணிகள் வீட்டில் இருப்பது நல்லதுதானே.

கார்த்திகையில் ஒரு வாரம் விடாமல் பெய்ததே, நினைவிருக்கிறதா? அந்த வாரம் எனக்குத் திருவாரூரில் பேச்சு. காலையில் போய்விட்டேன். பிற்பகலில் இளவெயினிக்கு வலி எடுத்திருக்கிறது. மருத்துவர் சொன்ன நாளுக்கு முன்பே. தையல்நாயகி ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டாள், வண்டியும் வாசலில் வந்து நின்றுவிட்டது. கதவு திறக்கவில்லை. மழையில் ஊறி நன்றாக இறுகிவிட்டது. உள்ளேயிருந்து இழுக்க வேண்டும் அல்லவா? ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இழுத்திருக்கிறாள். முறைப்படி செய்திருந்தால் திறந்திருக்கும் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். ஆட்டோக்காரர் வெளியிலிருந்து தள்ளிப் பார்த்திருக்கிறார், அவருக்கு முறை தெரியாது.

கடைசியில் கொல்லை வழியாகப் போயிருக்கிறார்கள். கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி, இளவெயினி உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை. உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோக்காரர் மதிலேறிக் குதித்து வந்து தூக்கியிருக்கிறார்.

ஒன்றும் ஆகவில்லை, தம்பி. ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். குழந்தை நலமாகப் பிறந்தது. பெண் குழந்தை. ஒன்றும் ஆகவில்லை. நான் திருவாரூரிலிருந்து ஓடிவந்தபோது தையல்நாயகி ஆசுபத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். புடவை முழங்கால்வரை சேறு. “ஒன்றும் ஆகவில்லையே” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் எத்தனையோ அவைகளைப் பார்த்தவன். அப்படி ஒரு பார்வையை எந்த அவையிலும் பார்த்ததில்லை. “இல்லைங்க. ஒண்ணும் ஆகல” என்றாள்.

ஆசுபத்திரியிலிருந்து நேராக நீடாமங்கலத்துக்கு, முருகையன் வீட்டுக்கு, மகளையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். தாய்வீட்டுக்கு வந்த மகளை இன்னொரு வீட்டில் வைத்துப் பத்தியம் போடுவது எந்த ஊர் வழக்கம்? கேட்டேன். முருகையன்தான் தொலைபேசியில் பதில் சொன்னார். “அத்தான், அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுது. ஒரு கையில குழந்தைய வச்சுக்கிட்டு மறு கையால தள்ளுனா அந்தக் கதவு திறக்கணுமாம். அன்னிக்கு வருமாம்.”

எனக்கு இது ஒரு நிபந்தனையாகவே படவில்லை. நிறைவேற்றிவிட்டேன். எப்படி என்கிறீர்களா? கதவின் அடியில் மெழுகுவத்தியைத் தேய்த்தேன். தரையிலும் தேய்த்தேன். அதன்மேல் தேங்காய் எண்ணெய். காலையில் வெயில் நன்றாக அடித்த நேரம், மெல்லத் தள்ளினேன், திறந்தது. பெரும்பாலும் ஒரு கைதான். உடனே சொல்லியனுப்பினேன்: கதவு சரியாகிவிட்டது, வாருங்கள்.

வந்தார்கள். மாப்பிள்ளை காரை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் கோலமெல்லாம் போடச் சொல்லி, ஆரத்திக்கு ஆள் ஏற்பாடு செய்து, கதவை அகலத் திறந்துவைத்து வாசலில் நின்றேன். திறந்தே இருக்கிற கதவை யார் தள்ள வேண்டும்? இதைவிடச் சிறந்த வரவேற்பு என்ன இருக்க முடியும்?

தையல்நாயகி முதலில் இறங்கினாள். என்னைத் தாண்டிப் படியேறி உள்ளே போனாள். “வா, வா” என்றேன். உள்ளே போனவள் திரும்பி வெளியே வந்து, அவள் கையாலேயே கதவை இழுத்துச் சாத்தினாள். முழங்கையில் மாட்டியிருந்த குழந்தைத் துணிப் பையை ஏந்தி மார்போடு அணைத்துக்கொண்டாள். மறு கையால் தள்ளினாள்.

கதவு கரகரவென்று ஒரு சாண் போயிற்று. நின்றுவிட்டது.

இன்னொரு முறை தள்ளினாள். பையிலிருந்து ஒரு சிறிய வெள்ளைச் சட்டை நழுவிப் படியில் விழுந்தது. குனிந்து எடுத்து, உதறி, மடித்து உள்ளே வைத்தாள். “வண்டிய எடுங்க மாப்பிள்ளை” என்றாள்.

“இடக்கை, தையல்! சற்றுத் தூக்கி...” என்றேன். எனக்கு வேறு என்ன சொல்ல வரும்? என் மகள் காரிலிருந்து இறங்கவே இல்லை. கண்ணாடி வழியாகக் குழந்தையின் தலை மட்டும் தெரிந்தது, கறுகறுவென்று நிறைய முடி. ஆரத்தித் தட்டோடு அந்தப் பெண் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது.

அவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஐயமில்லை. காலையில் திறந்த கதவு அது. மேகம் போட்டுவிட்டது, என்ன செய்ய? ஆனால் அன்றிலிருந்து தையல்நாயகி என் அழைப்பை எடுப்பதில்லை. குழந்தைக்கு நான் மூன்று பெயர்கள் எழுதி அனுப்பினேன். பெயர் சூட்டிவிட்டார்களாம். என்ன பெயர் என்று எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

வீட்டில் தனியாக இருக்கிறேன். கடைக்குப் போய்வந்தால் நானேதான் தூக்கி, நானேதான் தள்ளுகிறேன். போன வாரம் ஒரு கையில் அரிசிப் பை இருந்தது. கீழே வைக்க மனமில்லை, தெருவெல்லாம் ஈரம். சரி, ஒரு கையால் பார்ப்போமே என்று தள்ளினேன். போகவில்லை. தோளால் இடித்தேன். பை சரிந்தது. அரிசியை அணைத்துப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு அந்தப்புறமிருந்து பார்த்தார். “இடக்கை சார், இடக்கை” என்றார். ஏளனமா, அக்கறையா, எனக்கு விளங்கவில்லை.

நேற்று முருகையன் பேசினார். நாளைக் காலை அவர்கள் ஓசூருக்குப் புறப்படுகிறார்கள். “அக்காவும் கூடப் போகுது, அத்தான். குழந்தைய வளர்த்துக் குடுக்கணும்ல” என்றார். எப்போது திரும்புவாள் என்று கேட்டேன். “அது தெரியாது அத்தான்” என்றார். அவர் வேடிக்கையாக எதுவும் சொல்லாமல் தொலைபேசியை வைத்தது இதுதான் முதல் முறை.

ஆகவே உங்களை அழைத்தேன். சவரிராசுவைக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றுவிட்டார். தவறாக எண்ணாதீர்கள், என் கொள்கையில் மாற்றம் எதுவும் இல்லை. பொறுமை பெரிது, பெரியவர்களுக்கு நான் அதை இனியும் சொல்வேன். ஆனால் அந்தக் குழந்தைக்குப் பொறுமை கற்பிக்கிற வயது இன்னும் வரவில்லையே. அதன் பொருட்டு ஒரு விலக்கு அளிக்கலாம் என்று நேற்று இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். எந்த அறத்திலும் குழந்தைகளுக்கு விலக்கு உண்டு.

என்ன, இரண்டு நூல் போதாதா? மழைக்கும் சேர்த்து மூன்றா? மூன்றே எடுங்கள். நான்கு எடுத்தாலும் சரி. கீழே இடைவெளி தெரிந்தால் தெரியட்டும், பூச்சி வந்தால் வரட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன். இழைக்கும்போது நான் அருகில் நிற்க வேண்டுமா? நிற்கிறேன். பிடிக்க வேண்டுமா? பிடிக்கிறேன். எங்கே பிடிப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. இது தச்சு வேலையில் சேராது. ஆனாலும் உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கதவை மாட்டி முடித்ததும், இந்தாருங்கள், இந்தத் தொலைபேசி, முருகையன் எண் இதில் இருக்கிறது. நீங்கள் பேசுங்கள். நான் பேசினால் அவள் நம்பமாட்டாள். ‘அம்மா, கருவிப் பையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் தள்ளினேன், திறந்தது’ என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடுங்கள். கூட ஒரு சொல் சேர்க்காதீர்கள், அழகாகச் சொல்ல முயலாதீர்கள். நீங்கள் பேசும்போது நான் பக்கத்தில் இருப்பதும் அவளுக்குத் தெரிய வேண்டாம்.

நீடாமங்கலத்திலிருந்து இங்கே வர அரைமணி நேரம்கூட ஆகாது. இருட்டுவதற்குள் வந்துவிடலாம். நாளைக்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், தம்பி. நாளைக்கு இந்தக் கதவு எப்படித் திறந்தாலும் யாருக்கும் பயனில்லை. எழுந்திருங்கள். முதலில் மேல் கீலா, கீழ்க் கீலா? கழற்றுங்கள். இன்றைக்கே. இப்போதே.